குடல் பாக்டீரியாவால் புற்றுநோய் வருமா? பரிசோதனைக் கிட்டும் புரோபயாடிக்கும் வாங்கலாமா?

கேள்வியின் சாரம் இது: கேட்டவருக்கு வயது 36. அவருடைய அப்பாவுக்கு 58 வயதில் பெருங்குடல் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து கீமோதெரபி நடக்கிறது. குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் கெட்டுப்போவதால்தான் இந்த நோய் வருகிறது என்று காணொளிகளில் சொல்கிறார்களாம். மலத்தை அனுப்பினால் அதிலுள்ள பாக்டீரியாக்களைப் பட்டியல் போட்டுத் தரும் கிட்டை வாங்கலாமா, உயிருள்ள பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாடிக் மாத்திரை தனக்கு நோய் வராமல் தடுக்குமா, அப்பாவுக்கும் அதைக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

சுற்றி வளைக்காமல் முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கிட் வேண்டாம். மாத்திரை உங்களுக்குத் தேவையில்லை. அப்பாவுக்கு, அவரைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. உங்களுக்குத் தேவை வேறு இரண்டு விஷயங்கள். அவற்றைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரியாமல் கேட்டால் அவை சப்பென்று இருக்கும்.

காணொளிகள் சொல்வது முழுப் பொய் இல்லை. பாக்டீரியாவுக்கும் சீரண உறுப்புகளின் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு. சில இடங்களில் அது மிக உறுதியானது. சிக்கல் என்னவென்றால், உறுதியானதையும் அரைகுறையானதையும் ஒரே குரலில் சொல்கிறார்கள். ஒரு குற்ற வழக்கோடு ஒப்பிட்டால், ஒரு பாக்டீரியாவுக்குத் தண்டனையே வழங்கியாகிவிட்டது. இன்னொன்றின் கைரேகை கிடைத்திருக்கிறது. மற்ற பலவற்றைச் சம்பவ இடத்தில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். சம்பவம் நடந்த பிறகு வேடிக்கை பார்க்க வந்தவையாகக்கூட அவை இருக்கலாம்.

எண்ணிக்கையில் ஒரு பழைய கதையையும் இங்கே தீர்த்துவிடலாம். நம் உடலின் செல்களைவிடப் பாக்டீரியாக்கள் பத்து மடங்கு அதிகம் என்று இன்றும் எழுதுகிறார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தினர் 2016-ல் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். 70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள், சுமார் 30 லட்சம் கோடி மனித செல்கள். கிட்டத்தட்ட சரிசமம். பாக்டீரியாக்களின் மொத்த எடை 200 கிராம் அளவில்தான் வரும். இவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. சிறுகுடல் பெருங்குடலைவிடப் பல மடங்கு நீளம். ஆனாலும் அங்கே பாக்டீரியாக்கள் குறைவு, புற்றுநோயும் அரிது. இதை வைத்து மட்டும் எதையும் முடிவுகட்ட முடியாது. இரண்டுக்கும் வேறு வித்தியாசங்கள் ஏராளம். ஆனாலும் ஆராய்ச்சியாளர்களின் கண் பெருங்குடல் பாக்டீரியாக்கள் மேல் விழுந்ததற்கு இது ஒரு காரணம்.

தண்டனை பெற்ற பாக்டீரியாவிலிருந்து தொடங்குவோம். அது பெருங்குடலில் இல்லை, இரைப்பையில் இருக்கிறது. பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று மருத்துவம் நீண்ட காலம் நம்பிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்குறியியல் நிபுணராக இருந்த ராபின் வாரன், 1979-ல் இரைப்பைத் திசு மாதிரிகளில் சுருள் வடிவப் பாக்டீரியாக்களைப் பார்த்தார். பிறகு இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்துகொண்டார். ஆய்வகத்தில் அதை வளர்த்துப் பார்க்கப் பலமுறை முயன்றும் வளரவில்லை. 1982-ல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால், வழக்கமாக இரண்டு நாளில் தூக்கிப்போடும் வளர்ப்புத் தட்டுகள் ஐந்து நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் பாக்டீரியா வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் கிருமி அது. அதுவரை யாரும் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகும் யாரும் நம்பவில்லை என்பதால் 1984-ல் மார்ஷல் அந்தப் பாக்டீரியா கலந்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி. எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சி உறுதியானது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994-ல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் பாக்டீரியாவை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில், சேர்த்துவிட்டது. புகையிலை இருக்கும் அதே பட்டியல்.

அது வேலை செய்யும் விதம் இதுதான். யூரியேஸ் என்ற நொதியைச் சுரந்து, யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. சளிப்படலத்துக்குள் புகுந்து இரைப்பைச் சுவரின் செல்களோடு ஒட்டிக்கொள்கிறது. அதன் சில வகைகள் சிரிஞ்சு போன்ற நுண் உறுப்பின் வழியாக காக்-ஏ என்ற புரதத்தை நம் செல்லுக்குள்ளேயே செலுத்தி, செல் பெருகுவதைக் கட்டுப்படுத்தும் சமிக்ஞைகளைக் குழப்பிவிடுகின்றன. இதெல்லாம் ஒரு நாளில் நடப்பதில்லை. நாள்பட்ட அழற்சி, சுரப்பிகள் தேய்வது, இரைப்பைச் சுவர் குடல் சுவரைப் போல மாறுவது, செல்களின் ஒழுங்கு கெடுவது, கடைசியில் புற்றுநோய் என்று படிப்படியாக, பல பத்தாண்டுகளில் நடக்கிறது.

ஜப்பானில் 1,526 பேரைச் சராசரியாக ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கண்காணித்து 2001-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. தொற்று இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. தொற்று இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. இந்த எண்களைத் திருப்பிப் போட்டும் படிக்க வேண்டும்: தொற்று இருந்தவர்களில் 97 சதவீதம் பேருக்கு அந்தக் காலத்தில் புற்றுநோய் வரவில்லை. உலகில் ஏறக்குறைய பாதிப் பேர் வாழ்நாளில் இந்தக் கிருமியைச் சுமக்கிறார்கள். அவர்களில் 100-க்கு ஒன்று முதல் மூன்று பேருக்குத்தான் புற்றுநோய் வருகிறது. ஆனால் அத்தனை பேர் சுமப்பதால், அந்தச் சிறு பங்கே பெரிய எண்ணிக்கையாகிவிடுகிறது. 2022-ல் மட்டும் உலகில் புதிதாகச் சுமார் 9.7 லட்சம் பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது.

தீர்ப்பை உறுதிசெய்வது, கிருமியை ஒழித்தால் நோய் குறைகிறது என்பதுதான். தைவானின் மாட்சு தீவுகளில் 2004-லிருந்து ஊர் முழுக்கப் பரிசோதித்துச் சிகிச்சை கொடுத்தார்கள். அதற்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் இரைப்பைப் புற்றுநோய் பாதிக்கு மேல் குறைந்தது. இரைப்பையில் வரும் மால்ட் லிம்போமா என்ற ஒருவகைக் கட்டி இன்னும் ஆச்சரியமானது: ஆரம்ப நிலையில் பலருக்கு இந்தக் கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக் கொடுத்தாலே கட்டி கரைந்துவிடுகிறது. புற்றுநோய்க்கு ஆன்டிபயாடிக்கா என்று மாணவர்கள் முதலில் நம்பமாட்டார்கள்.

இந்தக் கதையில் உங்கள் கேள்விக்கு மிக முக்கியமான ஓர் இடம் இருக்கிறது. இரைப்பைச் சுவர் தேய்ந்து, அமிலம் சுரப்பது குறைந்து, திசு குடல் போல மாறிவிட்டால் அந்த இடம் ஹெலிகோபாக்டருக்கே பிடிக்காமல் போய்விடுகிறது. அது குறைந்துபோகிறது, சில சமயம் மறைந்தேவிடுகிறது. அந்த இடத்தில் வேறு பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. புற்றுநோய் வந்த நாளில் இரைப்பையைச் சோதித்தால், தீ வைத்தது அங்கே இருக்காது. பிறகு வந்தவை இருக்கும். ஆக, கட்டியின் பக்கத்தில் ஒரு பாக்டீரியா இருப்பது அது காரணம் என்பதற்குச் சான்று ஆகாது. இல்லாதது நிரபராதி என்பதற்கும் சான்று ஆகாது. குடல் பாக்டீரியா பற்றி எந்தச் செய்தியைப் படித்தாலும், இது கட்டிக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்று கேட்டுப் பாருங்கள். பாதிச் செய்திகளில் பதில் இருக்காது.

இப்போது பெருங்குடலுக்கு வருவோம். உலகில் அதிகம் வரும் புற்றுநோய்களில் இது மூன்றாவது, உயிரிழப்பில் இரண்டாவது. 2022-ல் புதிதாக 19 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது. இங்கே கைரேகை விட்டுச் சென்றது ஈ. கோலை. பயப்பட வேண்டாம், எல்லா ஈ. கோலையும் இல்லை. பெரும்பாலானவை யாருக்கும் தொல்லையில்லாமல் நம் குடலில் காலம் தள்ளுபவை. சில வகைகளில் மட்டும் கோலிபாக்டின் என்ற நச்சைத் தயாரிக்கும் மரபணுத் தொகுப்பு இருக்கிறது. அப்படி ஒரு நச்சு உண்டு என்று பிரான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் அறிவித்தார்கள். டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடுவது அதன் வேலை. பிணைந்த இழைகளைச் செல்லால் எளிதில் பிரித்துப் படியெடுக்க முடியாது. சரிசெய்யும்போது எழுத்துப் பிழைகள் விழுகின்றன.

நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர், ஆய்வகத்தில் மனிதக் குடல் செல்களைச் சிறு உருண்டைகளாக வளர்த்து, அவற்றுக்குள் இந்த ஈ. கோலையை ஐந்து மாதங்களுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தினார்கள். பிறகு அந்தச் செல்களின் டிஎன்ஏவைப் படித்தபோது, பிழைகள் கண்ட இடத்தில் விழாமல் ஒரு குறிப்பிட்ட பாணியில் விழுந்திருந்தன. அதே பாணி, உண்மையான நோயாளிகளின் பெருங்குடல் கட்டிகள் சிலவற்றிலும் இருந்தது. 2020-ல் இது வெளியானது. புகைபிடிப்பவரின் நுரையீரல் டிஎன்ஏவில் புகையிலையின் தடம் இருப்பதையும், தோலில் புற ஊதாக் கதிரின் தடம் இருப்பதையும் முன்பே அறிந்திருந்தோம். ஒரு குடல் பாக்டீரியாவின் தடம் அப்படி அகப்பட்டது அதுதான் முதல் முறை.

2025-ல் லுட்மில் அலெக்ஸாண்ட்ரோவ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அதைவிட யோசிக்க வைத்தது. 11 நாடுகளைச் சேர்ந்த 981 பெருங்குடல் கட்டிகளின் மரபணுத் தொகுதியைப் படித்தார்கள். கோலிபாக்டினின் தடம், 70 வயதுக்கு மேல் நோய் வந்தவர்களைவிட 40 வயதுக்குள் வந்தவர்களிடம் 3.3 மடங்கு அதிகமாக இருந்தது. தடம் விழுந்த வரிசையைக் கணக்கிட்டால், அந்தப் பாதிப்பு சிறுவயதிலேயே, பத்து வயதுக்குள்ளேயே நடந்திருக்கலாம் என்று தெரிகிறது. பல நாடுகளில் 50 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்தப் புற்றுநோய் கூடிக்கொண்டே போவதற்கு விளக்கம் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் வந்த தகவல் இது. ஆனால் நிதானமாக வாசியுங்கள். தடம் இருக்கிறது என்றால் பாக்டீரியா டிஎன்ஏவைக் காயப்படுத்தியது உறுதி. அந்தக் காயம்தான் புற்றுநோயாக மாறியது என்று ஒவ்வொருவர் விஷயத்திலும் சொல்லிவிட முடியாது. நலமாக இருப்பவர்களிலும் கணிசமான பேர் இந்த வகை ஈ. கோலையைச் சுமக்கிறார்கள்.

மேலே சொன்ன கால வரிசையை உங்கள் கிட்டோடு வைத்துப் பாருங்கள். 36 வயதில் நீங்கள் அனுப்பும் மலம் இந்த வாரத்து நிலவரத்தைச் சொல்லும். எட்டு வயதில் உங்கள் குடலில் என்ன இருந்தது என்று சொல்லாது. கிட் மேல் எனக்குள்ள முதல் வருத்தம் இதுதான்.

மூன்றாவது ஆள் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம். வாயில், ஈறுகளில் வசிப்பது. பல்லில் படியும் காரையின் பங்குதாரர். 2012-ல் கனடாவிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக, பெருங்குடல் கட்டிகளில் இது வழக்கத்துக்கு மாறாக அதிகமாக இருப்பதைக் கண்டன. வாயில் இருக்க வேண்டியதற்குக் குடலில் என்ன வேலை? கட்டி செல்களின் மேற்பரப்பில் அதிகமாக இருக்கும் ஒரு சர்க்கரை மூலக்கூறை இதன் புரதம் பற்றிக்கொள்கிறது. நோய் எதிர்ப்புச் செல்களை அடக்கி வைக்கிறது. 2017-ல் இன்னொரு செய்தி வந்தது: கல்லீரலுக்குப் பரவிய கட்டியிலும் இது உயிரோடு இருந்தது. அந்தக் கட்டியை எலிக்குள் வைத்து வளர்த்து மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி குறைந்தது. 2024-ல், இதில் எல்லா வகையும் அல்ல, அமிலத்தைத் தாங்கி இரைப்பையைக் கடந்துவரக்கூடிய ஒரு கிளை மட்டுமே கட்டிகளில் ஆதிக்கம் செலுத்துகிறது என்றும், சோதித்த கட்டிகளில் சுமார் பாதியில் அது இருந்தது என்றும் சியாட்டில் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள்.

இதைத் தொடங்கி வைத்த குற்றவாளி என்று நான் சொல்லமாட்டேன். கட்டி வந்த பிறகு குடியேறி, அதை வளர்த்துவிடுகிறது என்பதற்குத்தான் சான்று அதிகம். அதனால் "பல் தேய்த்தால் குடல் புற்றுநோய் வராது" என்ற தலைப்புகளைக் கண்டால் சிரித்துவிட்டுப் போங்கள். பல் தேய்ப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

பின்னால் வந்தவனும் பயன்படுவான் என்பதற்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காலோலிட்டிகஸ் நல்ல உதாரணம். பழைய பெயர் போவிஸ். ஒருவருடைய இரத்தத்திலோ இதய வால்விலோ இந்தக் கிருமித் தொற்று தெரிந்தால், வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் கொலோனாஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை, செய்யச் சொல்வோம். பெருங்குடலில் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியோ புற்றுநோயோ மறைந்திருக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். கட்டி உள்ள குடலின் சூழல் இதற்கு வசதியாக அமைந்துவிடுகிறது. அங்கிருந்து இரத்தத்துக்குள் நழுவுகிறது. இது காரணமா விளைவா என்ற சர்ச்சை முடியாமலே ஒரு பாக்டீரியா உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

மற்ற உறுப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. டைபாய்டு கிருமி பித்தப்பையில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவர்களுக்குப் பித்தப்பைப் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது; இது நன்கு தெரிந்த தொடர்பு. குடலிலிருந்து வரும் இரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போவதால் பாக்டீரியாக்களின் கழிவுகளும் அங்கே போகின்றன. கல்லீரல் புற்றுநோயில் அதன் பங்கு எலிகளில் தெளிவாகவும் மனிதரில் மங்கலாகவும் இருக்கிறது. கணையம் பற்றி நிறைய எழுதுகிறார்கள். நான் இன்னும் காத்திருக்கும் பக்கம்தான். காத்திருப்பதற்குக் காரணமும் உண்டு. ஒவ்வொரு புற்றுநோய்க்கும் அதற்கே உரிய பாக்டீரியா அடையாளம் கட்டியிலும் இரத்தத்திலும் தெரிகிறது என்று 2020-ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. மனித டிஎன்ஏவின் துண்டுகளைப் பாக்டீரியா என்று தவறாக எண்ணியிருக்கிறார்கள், கணக்கீட்டிலும் பிழை இருக்கிறது என்று மற்றவர்கள் 2023-ல் காட்டினார்கள். 2024-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. திறமையான ஆய்வகங்களுக்கே இப்படி வழுக்கும் தரை இது.

இதுவரை தனித்தனிப் பாக்டீரியாக்களைப் பார்த்தோம். என்னைக் கேட்டால், பெருங்குடல் விஷயத்தில் எந்தப் பாக்டீரியா இருக்கிறது என்பதைவிட, இருப்பவை எதைத் தின்று எதை வெளியேற்றுகின்றன என்பதுதான் அன்றாட வாழ்க்கைக்குப் பொருள் தருவது. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து பெருங்குடலுக்குப் போனால், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருள் அதுதான். அழற்சியைத் தணிப்பதும் சுவரைக் கெட்டியாக வைப்பதும் அதுதான். கொழுப்பு மிகுந்த உணவு போனால் பித்தநீர் அதிகம் சுரக்கிறது. பெருங்குடலுக்குத் தப்பிவரும் பித்த அமிலத்தைப் பாக்டீரியாக்கள் டீஆக்சிகோலிக் அமிலமாக மாற்றுகின்றன. அது செல்களை உறுத்தி டிஎன்ஏவையும் கெடுக்கக்கூடியது.

2015-ல் வெளியான ஓர் உணவு மாற்றுப் பரிசோதனை எனக்கு மிகப் பிடித்தது. பெருங்குடல் புற்றுநோய் அதிகமாக வரும் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 20 பேர், அது மிக அரிதாக வரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தினர் 20 பேர். இரண்டே வாரங்களுக்கு இவர்கள் உணவை அவர்களும், அவர்கள் உணவை இவர்களும் சாப்பிட்டார்கள். நார்ச்சத்துக்கு மாறிய அமெரிக்கர்களுக்கு பியூட்டிரேட் கூடியது, தீங்கான பித்த அமிலங்கள் குறைந்தன, குடல் சுவரின் அழற்சி தணிந்தது. கொழுப்புக்கும் இறைச்சிக்கும் மாறிய கிராமத்தினருக்கு எல்லாம் தலைகீழாக நடந்தது. இரண்டு வாரத்தில் யாருக்கும் புற்றுநோய் வரவோ போகவோ இல்லை; மாறியவை அறிகுறிக் குறியீடுகள் மட்டுமே. ஆனாலும் இத்தனை வேகமாக மாறும் ஒன்றை ஒரே ஒரு மல மாதிரியில் அளந்து "உங்கள் குடல் மதிப்பெண் 62" என்று அறிக்கை தருவதற்கு என்ன பொருள் இருக்க முடியும்? ஆரோக்கியமான குடலின் பாக்டீரியாப் பட்டியல் இதுதான் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோலே இன்னும் இல்லை. கிட் மேல் எனக்குள்ள இரண்டாவது வருத்தம் இது.

புரோபயாடிக்குக்கு வருகிறேன். பெருங்குடல் புற்றுநோயை எந்தப் புரோபயாடிக்கும் மனிதரில் தடுத்ததாக நிரூபணம் இல்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள் குடலை மீட்க அதை விழுங்குவது வழக்கமாகிவிட்டது. வைஸ்மன் நிறுவனத்தினர் 2018-ல் இதைச் சோதித்தபோது, புரோபயாடிக் சாப்பிட்டவர்களின் சொந்தப் பாக்டீரியாக்கள் திரும்பி வரத்தான் அதிகத் தாமதமானது. ஒன்றும் சாப்பிடாதவர்கள் முந்திக்கொண்டார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் உள்ள நிஸ்லே 1917 என்ற புரோபயாடிக் உண்மையில் ஓர் ஈ. கோலை. முதல் உலகப் போரில், சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் வயிற்றுக்கடுப்பு வந்தும் தனக்கு வராத ஒரு சிப்பாயிடமிருந்து எடுக்கப்பட்டது. அதனிடமும் கோலிபாக்டின் மரபணுத் தொகுப்பு இருக்கிறது! அதனால் யாருக்கும் புற்றுநோய் வந்ததாகச் சான்று இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று இரண்டு பெட்டிகளில் போட்டு மூடுபவர்களுக்காக இதைச் சொன்னேன்.

அப்பா விஷயத்தில் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. கீமோதெரபியின்போது வெள்ளணுக்கள் குறையும், குடல் சுவர் புண்ணாகும். அந்த நேரத்தில் மாத்திரையில் உள்ள உயிருள்ள பாக்டீரியா இரத்தத்துக்குள் போய்த் தொற்றாகலாம். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. மேலும் மருந்துகளுக்கும் பாக்டீரியாக்களுக்கும் நேரடி உறவு உண்டு. இரினோடிகான் என்ற கீமோதெரபி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் அதைச் செயலிழக்க வைத்துப் பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. அங்குள்ள பாக்டீரியாக்களின் ஒரு நொதி அதை மறுபடி உயிர்ப்பிக்கிறது. கடுமையான வயிற்றுப்போக்குக்கு அதுவும் காரணம். கணையப் புற்றுநோய்க்குத் தரும் ஜெம்சிட்டபினைச் சில பாக்டீரியாக்கள் சிதைத்துவிடுவதாக 2017-ல் கண்டார்கள். இம்யூனோதெரபி, அதாவது உடலின் நோய் எதிர்ப்பாற்றலைக் கட்டிக்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை, பெறுபவர்களுக்கு, சிகிச்சையையொட்டி ஆன்டிபயாடிக் கொடுத்தால் பலன் குறைவாக இருப்பதாக 2018-லிருந்து பல ஆய்வுகள் காட்டுகின்றன. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தவர்களைப் பற்றிய 2021-ஆம் ஆண்டு ஆய்வில், நார்ச்சத்து போதுமான அளவு சாப்பிட்டு, கடையில் வாங்கிய புரோபயாடிக் எதையும் எடுக்காதவர்களுக்குத்தான் இம்யூனோதெரபி நன்றாகப் பலித்தது. அது வேறு புற்றுநோய், சிறிய ஆய்வு. ஆனால் "கொடுத்தால் நல்லதுதானே, கெடுதல் என்ன" என்ற வாதத்துக்கு அது போதுமான பதில்.

மலத்தையே மாற்றி வைக்கும் சிகிச்சை பற்றியும் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். கடும் வயிற்றுப்போக்கைத் தந்து திரும்பத் திரும்ப வரும் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியாத் தொற்றுக்கு அது அருமையான சிகிச்சை. புற்றுநோய்க்கு அது ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத ஈ. கோலை கலந்த மலம் ஏற்றப்பட்டதால் ஒரு நோயாளி இறந்துவிட்டதாக 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. வீட்டில் முயன்று பார்க்கும் விஷயம் இல்லை.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? உணவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை: பருப்பு, முழுத் தானியம், காய்கறி, பழம் இவற்றிலிருந்து நார்ச்சத்து, மாத்திரையிலிருந்து அல்ல. பதப்படுத்திய இறைச்சியைக் குறையுங்கள். தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும் என்பது கணக்கு. மது, புகை, கூடுதல் எடை மூன்றும் இந்த நோயின் கூட்டாளிகள். தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் விழுங்காதீர்கள்; தேவையென்றால் தயங்காதீர்கள். ஹெலிகோபாக்டர் பரிசோதனை, உங்கள் அப்பாவுக்கு வந்தது பெருங்குடல் புற்றுநோய் என்பதால், அந்தக் காரணத்துக்காக உங்களுக்குத் தேவையில்லை. வயிற்றுப்புண், நீண்ட நாள் மேல்வயிற்று வலி அல்லது குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் இருந்தால் செய்யுங்கள். மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ போதும். அதற்கு முன் அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரமும் ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும்.

நான் முதலில் சொன்ன இரண்டு விஷயங்களில் ஒன்று கொலோனாஸ்கோப்பி. பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப்பாகத் தொடங்கி, புற்றுநோயாக மாறப் பத்து ஆண்டுகள் போல எடுத்துக்கொள்கிறது. அதற்குள் பாலிப்பைக் கண்டு வெட்டி எடுத்துவிட்டால் அந்தப் பாலிப்பிலிருந்து நோய் வர வழியில்லை. பெற்றோரில் ஒருவருக்கு 60 வயதுக்கு முன் இந்த நோய் வந்திருந்தால், பிள்ளைகள் 40 வயதிலோ, பெற்றோருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்போ, எது முன்னால் வருகிறதோ அப்போது தொடங்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. அப்பாவுக்கு 58 என்பதால் உங்களுக்கு 40. உடன்பிறந்தவர்களுக்கும் இதே கணக்கு. மலத்தில் இரத்தம், காரணமில்லாத இரத்தசோகை, எடை இழப்பு, மலம் கழிக்கும் பழக்கத்தில் நீடித்த மாற்றம் இவற்றில் எது இருந்தாலும் 40-க்காகக் காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது, அப்பாவின் கட்டியைப் பரிசோதித்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அதில் எம்எம்ஆர் அல்லது எம்எஸ்ஐ என்று ஒரு வரி இருக்க வேண்டும். டிஎன்ஏ பிழை திருத்தும் புரதங்கள் சரியாக இருக்கின்றனவா என்று அது சொல்லும். வரி இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்டு, எடுத்து வைத்திருக்கும் திசுவிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். அதில் குறைபாடு தெரிந்தால் லிஞ்ச் நோய்க்கூறு என்ற பரம்பரைக் காரணம் இருக்கிறதா என்று மரபணுப் பரிசோதனை செய்வார்கள். அப்பாவுக்கு அது உறுதியானால் உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. உங்கள் பரிசோதனையிலும் இருந்தால் 40 என்ற கணக்கெல்லாம் செல்லாது: பெரும்பாலும் 20 முதல் 25 வயதிலேயே தொடங்கி, ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொலோனாஸ்கோப்பி செய்ய வேண்டியவர் நீங்கள். அப்படியென்றால் ஏற்கெனவே பத்து ஆண்டு தாமதம். ஆகவே அந்த அறிக்கையை இந்த வாரமே கேட்டு வாங்குங்கள்.